மூடியின் முதல் உரிமைக்கோரல்

மாடிப்படிச் சுவரில் ஜனவரியிலேயே ஒட்டிவிட்டாள்:
"மார்ச்சில் நான்கு நாள்,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
தயவுசெய்து துளை போட வேண்டாம்.
எனக்குத் தேர்வு. விஸ்மா, மூன்றாம் மாடி."

இந்தக் கட்டடத்தில் துளைக்கும் கருவி
என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.
பெயர் போடாமல் விட்டது அவள் மரியாதை.

பெட்டியோடு தூக்கிப்போய்க் கொடுத்தேன்.
"நீங்களே வைத்திருங்கள்,
என் கை சும்மா இருக்காது."

பசைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேதியியல்.
இப்போது காப்புரிமை முகவர் ஆக வேண்டுமாம்.
இது மூன்றாம் முறை.
போன வருடம் நாற்பத்து நான்கு.
இன்னும் ஒன்று இருந்திருந்தால்
வேறொரு தாளின் மிச்சத்தோடு சேர்த்து
கரையேறியிருக்கலாம்.
"அந்த ஒன்றுதான் ஒட்டவில்லை" என்றாள்,
பசைக்காரி.

பிறகு கேட்டாள்:
"நீங்களே செய்த பொருள் ஏதாவது உண்டா?
எழுதிப் பழக வேண்டும்."

கிஷெஸர்ஸ் ஏரியில், பனியில் குடைந்த துளை
பத்து நிமிடத்தில் மறுபடி உறைந்துவிடும்.
அதற்காக நான் செய்த மூடி:
மனைவியின் சிவப்பு வாணலி மூடி,
அடியில் பழைய கம்பளி,
சுற்றிலும் சைக்கிள் டியூப்,
தூண்டில் நூலுக்கு ஒரு கீறல்.

மேசை மேல் வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தாள்,
டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல்.

"வாணலியை எடுத்துவிடுவோம்.
டியூபும் வேண்டாம்.
டியூப் என்று எழுதினால்
நாளைக்கு ஒருவன் தக்கையில் செய்துகொண்டு
சிரித்துக்கொண்டே போவான்.
மிதக்கும் வளையம். அது போதும்."
கம்பளி, வெப்பம் கடத்தாத அடுக்கு ஆயிற்று.
சிவப்பு போயிற்று. கைப்பிடி போயிற்று.
அதைச் செய்த இரவில்
என் சுண்டுவிரல் விறைத்துக் கிடந்ததற்கு
முதலிலிருந்தே இடமில்லை.

கடைசியில் நான்கு வரி.
என் மூடியை அதில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.
"ஆனால் இதிலிருந்து
எவனாலும் தப்ப முடியாது" என்றாள்.

"எவ்வளவு தேறும்?"
"மதிப்பெண்ணா?"
"பணம்."
"வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா?"
"ஏரியில் எல்லாரும்தான்.
தாலிவால்டிஸ் இரண்டே நாளில்
ஒன்று செய்துகொண்டான்."
பேனாவை மூடி வைத்தாள்.
"அப்படியானால் புதுமை போயிற்று.
காட்டிய அன்றைக்கே."

எனக்கு நினைவிருக்கிறது அந்த ஞாயிறு.
அன்று மீன்கூட இல்லை,
காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

தேர்வு நாட்களில் காலுறையோடு நடந்தோம்.
சமையலறைக் குழாய் சொட்டியது.
வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டேன்,
துளி சத்தமில்லாமல் நூல் வழியே இறங்கிற்று.
இதையும் யாராவது முன்பே...
என்று யோசிக்கும் நோய்
எனக்கும் தொற்றிவிட்டிருந்தது.

மேலே அவள் கேமரா முன்னால்.
படிக்கும்போது உதடு அசையும் அவளுக்கு.
யாருடன் பேசுகிறீர்கள் என்று
எங்கிருந்தோ எச்சரிக்கை வந்ததாம்.
மீதி நேரம் முழுக்கப் பென்சிலைக் கடித்தபடி
சொற்களை வாய்க்குள்ளேயே நிறுத்தி
எழுதியிருக்கிறாள்.

ஜூலையில் கதவைத் தட்டினாள்.
கையில் என் கருவிப்பெட்டி.
"ஐம்பத்து மூன்று."
என் மனைவி ஸ்ட்ராபெரிக் கிண்ணத்தை அப்படியே நீட்டினாள்.
அதுவரை நாங்கள் மூவரும்
ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை.

கிளம்பும்போதுதான் மடித்த தாளை எடுத்தாள்.
"உங்கள் மூடி. தேடிப் பார்த்தேன்.
பின்லாந்தில் ஒருவர்,
நீங்கள் பிறப்பதற்கு முன்பே.
மன்னியுங்கள்."

மையில் வரைந்த படம்.
ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஒரு கோடு,
கோட்டின் நுனியில் எண்.
ஏழு, கீறல்.
நான்கு, கம்பளிதான், பார்த்ததும் தெரிந்தது.
பனி, கீழே தண்ணீர், நூல்,
நூலின் நுனியில் ஒரு மீன்கூட உண்டு.

அந்த ஆளுக்கு எந்த விரல் முதலில் விறைத்தது
என்று தேடினேன்.
படத்தில் கை வரையவில்லை.